அண்ணி ஒண்டியாகப் போன ஆடி

எங்கள் அம்மா வீட்டு பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே ஒரு பருத்திப் புடவை இருக்கிறது. வாடாமல்லி நிறம். தோளில் படும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. எந்த சோப்புக்கும் மசியாத கறை அது. ஆரணியில் பட்டு வியாபாரம் செய்கிற வீட்டில், அத்தனை ஜரிகைக்கும் மேல் தட்டில், அந்தப் புடவைக்கு மட்டும் தனியாக ஒரு வெள்ளைத் துணி சுற்றி வைத்திருக்கிறார்கள். விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால் எங்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அது என் அண்ணியின் புடவை. அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும், கொஞ்சம் வாயும் நீளும்.

எங்கள் வீட்டுக்குத் தறிக்காரர்கள் புடவை கொண்டுவந்து போடுவார்கள். அண்ணி ஒவ்வொன்றையும் மடியில் விரித்துப் பார்த்து மடித்து வைப்பாள். பெரும்பாலான சரக்கு சென்னைக் கடைகளுக்குப் போகும். கல்யாண வீட்டுக்காரர்கள் நேரே வந்து எடுப்பதும் உண்டு. ஜரிகை ஓரிடத்தில் விட்டுப்போனது, சாயம் ஒரு சாண் மங்கிப்போனது என்று பழுதாகி வரும் புடவைகளை மட்டும் விற்க முடியாது. அவை வீட்டுப் பெண்களுக்கு. பட்டிலேயே புரளுகிறவர்கள் என்று ஊர் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடும். புரண்டது உண்மைதான், பழுதில் புரண்டோம். பழுது இருக்கும் பக்கம் உள்ளே போகும்படி கொசுவம் வைத்துக் கட்டும் வித்தை எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அத்துப்படி. அண்ணி தேசூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான் கட்டினாள். தனக்கென்று கடைக்குப் போய் ஒரு புடவை எடுத்தவள் இல்லை.

அவள் வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டது அவள்தான். இழுத்துப் பின்னுவாள், கண் இரண்டும் மேலே ஏறிக்கொள்ளும், சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது. பிறகு நான் பக்கத்துத் தெருவிலேயே கல்யாணமாகிப் போனேன். போனேன் என்று பெயர், தினம் ஒரு வேளைக் காபி அம்மா வீட்டில்தான். நாத்தனார் என்றால் கொஞ்சம் முறுக்கிக்கொள்ள வேண்டும் என்று ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு அதற்கு நேரமே வாய்க்கவில்லை. அவளோடு பேசிச் சிரிக்கவே பொழுது சரியாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அவள் வலது கை மேலே எழும்பாமல் போயிற்று. முதலில் சுளுக்கு என்றார்கள், தைலம் தேய்த்தார்கள். பிறகு வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டுத் தோள் இறுகிப்போய்விட்டது, வருடக்கணக்காக விரித்து மடித்து விரித்து மடித்து வந்த வினை, வேலையை விட்டு முழு ஓய்வும் சிகிச்சையும் எடுக்காவிட்டால் கை இப்படியே நின்றுவிடும் என்றார். வீட்டில் இருந்துகொண்டே ஓய்வெடுக்கிறேன் என்றாள் அண்ணி. ஓய்வெடுத்த லட்சணத்தை நான் பார்த்தேன். இடது கையால் தோசை வார்த்தாள், இடது கையால் புடவை மடித்தாள். ஆனால் ஒரு கையால் தலை பின்ன முடியாது. அதனால் தினம் காலையில் நான் போய் அவளுக்குப் பின்னிவிட்டேன். எனக்குப் பின்னியவளுக்கு நான் பின்னுகிறேன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அவள்தான் கண்ணாடியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே இருப்பாள்.

மகளின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த ஓர் அம்மாள், அண்ணி இடது கையால் முந்தானை விரித்துக் காட்டுவதைக் கவனித்து விசாரித்தார். அவருக்கும் தோளில் அதே தொல்லை இருந்ததாம். பாலக்காடு தாண்டி ஒரு கிராமத்தில், தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஆயுர்வேத நிலையத்தில் தங்கிச் சரி செய்துகொண்டாராம். எண்ணெய், மூலிகைக் கிழி ஒத்தடம், கஞ்சி, மழை, தூக்கம், வேறு ஒன்றும் கிடையாது என்றார். வேறு ஒன்றும் கிடையாது என்பதைக் கேட்டதும் அண்ணியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அன்றைக்கே தன் போனில் அந்த இடத்தின் படங்களைத் தேடி எடுத்துவிட்டாள். சமையலறையில் நின்றுகொண்டு என்னிடம் காட்டினாள். ஓட்டுக் கூரை, முன்னால் நாற்காலி ஒன்று, சுற்றிலும் பச்சை. ஒரே ஒரு நாற்காலி. அதைத்தான் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

காலமும் தோதாக அமைந்தது. நமக்கு ஆடி என்றால் அவர்களுக்குக் கர்க்கடகம், உடம்புக்கு எண்ணெய் பிடிக்கும் மாதம் என்று அங்கே சிகிச்சைக்கு அதைத்தான் விசேஷமாகச் சொல்கிறார்கள். நமக்கோ ஆடியில் கல்யாணம் இல்லை, சென்னைக்குப் போக வேண்டிய சரக்கும் முன்னாடியே போய்விடும். அண்ணன் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டதோடு விட்டானா? கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, ஸ்பீக்கரைப் போட்டு அந்த இடத்துக்குப் போன் செய்தான். "மேடம், ஆரணிலர்ந்து பேசறோம். வைத்தியம் ஒருத்தருக்குதாங்க. கூட ஒரு ஏழெட்டு பேர் வருவோம். ஒரு ஹால் இருந்தா போதும், பாய் தலகாணி நாங்களே எடுத்தாந்துடுவோம்." மலையாளம் கலந்த தமிழில் அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். ஓர் அறைக்கு ஓர் ஆள்தான். கூட ஆள் தேவையில்லை. வெளிச்சாப்பாடு கூடாது. போன் சாயங்காலம் ஒருமுறை மட்டும். அண்ணன் போனை வைத்துவிட்டு, "அது அவங்க சொல்றது. பக்கத்துல லாட்ஜ் இல்லாமயா பூடும்" என்றான்.

அதற்குப் பிறகு நடந்த திட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பதிக்கு வழக்கமாக ஓட்டும் வேன்காரருக்குச் சொல்லியாயிற்று. போகிற வழியில் பழநி, திரும்பும்போது குருவாயூர். சின்ன அண்ணனுக்கு வால்பாறை பார்க்க வேண்டுமாம். அம்மா முறுக்குக்கு அரிசி ஊறவைத்துவிட்டாள். அண்ணியின் தோளைத் தவிர எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. அண்ணி அத்தனை பேருக்கும் காபி கொடுத்து முடித்துவிட்டு, தட்டோடு நின்றபடியே சொன்னாள். "வேன் வேணாங்க. காட்பாடில மத்தியான ரயில் இருக்குது, டிக்கெட் பார்த்துட்டேன். அவங்க ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புறாங்க. நான் ஒண்டியா போய்க்கிறேன்."

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஒண்டியாவா? இன்னா பேசுற நீ? இந்த வூட்டுப் பொம்பள ஒண்டியா தேசூருக்குக்கூட போனதில்ல." அது நிஜம். அண்ணியைத் தாய் வீட்டுக்கு அனுப்பும்போதுகூட யாராவது ஒருவர் கூடப் போய் வாசலில் விட்டுவிட்டுத்தான் வருவோம், பார்சல் மாதிரி. "நீங்கல்லாம் வந்தா, அங்கயும் நான்தான் அத்தை காபி போடணும்" என்றாள் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அண்ணன் கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். அந்த இடத்தில் அறை காலியாக இருந்த நாட்கள், எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமையை நடுவில் வைத்துக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் மூத்த மருமகள்தான் கூழ் கிளற வேண்டும். அம்மா கிளறினாள், அம்மாவுக்குப் பிறகு அண்ணி. "மூத்த மருமக இல்லாம ஆத்தாளுக்கு இன்னாத்த ஊத்துறது? தெருவுல கேட்டா இன்னா சொல்லுவேன்?" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அவ கையே தூக்க முடியலையேம்மா, அண்டாவுல எத வுட்டுக் கிளறுவா?" என்றேன். "நீ சும்மா கெட, உன் வூட்டுக்குப் போ" என்றாள் அம்மா. போகவில்லை. அண்ணி மட்டும் நிதானமாக, "கை சரியாயிட்டா அடுத்த வருஷம் நானே கிளறுவேன். போகலைன்னா எந்த வருஷமும் முடியாது அத்தை" என்று சொல்லிவிட்டு டம்ளர்களைக் கழுவப் போனாள். அன்றிலிருந்து அம்மா அவளோடு பேசவில்லை. தொண்டை கட்டினது மாதிரி எல்லாவற்றுக்கும் கையை ஆட்டினாள்.

எண்ணெய் படும், பழைய பருத்தித் துணி போதும் என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தார்கள். பீரோவில் பட்டைத் தவிர ஏதாவது இருந்தால்தானே. அண்ணியும் நானும் பஜாருக்குப் போனோம். பட்டுக்கார வீட்டம்மா பருத்தி கேட்டதும் கடைக்காரர் ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தார். அண்ணி ஒவ்வொரு புடவையையும் பிரித்து, ஓரத்தைத் தடவி, முந்தானையைத் திருப்பி, வெகுநேரம் பார்த்தாள். எனக்குக் கால் வலித்தது. "இன்னா தேடிகினு இருக்க?" என்றேன். புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பழுது எங்க இருக்குன்னு பார்க்கிறேன் பாப்பா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. இரண்டு பேரும் கடையில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எனக்கு வந்த நீர் முழுக்கச் சிரிப்பினால் வந்தது இல்லை. அப்புறம் வேறு எதையும் பார்க்காமல் சட்டென்று அந்த வாடாமல்லியை எடுத்தாள். அவளாகத் தேர்ந்தெடுத்த முதல் புடவை அது.

காட்பாடியில் நானும் அண்ணனும் ரயில் ஏற்றிவிட்டோம். அண்ணன் பெட்டிக்குள் ஏறி, பக்கத்து இருக்கைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லப் போனான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, இறங்குங்க என்றாள். வண்டி நகர்ந்தபோது ஜன்னலிலிருந்து இடது கையை ஆட்டினாள். அண்ணன் ரொம்ப நேரம் நடைமேடையிலேயே நின்றான். எனக்கு பயமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கூழ் ஞாயிறு வந்தது. சின்ன அண்ணி கிளறட்டும் என்றார்கள் சிலர், நான் கிளறுகிறேன் என்றேன் நான். அண்ணன் எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துடுப்பைக் கையில் எடுத்துவிட்டான். கேழ்வரகு மாவு இறுக ஆரம்பித்தால் சும்மா இல்லை, தோள் கழன்றுவிடும். தெருப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அண்ணனுக்கு வியர்வை கொட்டியது. பாதியில் துடுப்பை நிறுத்திவிட்டு, "அம்மா, இத இவ எப்டிம்மா வருஷா வருஷம் கெளறினா?" என்று கேட்டான். படையல் முடிந்து தெருவுக்கு ஊற்றும் முன்பு, அம்மா ஒரு சொம்பில் முதல் கூழை எடுத்து, மூடி, சமையலறை அலமாரியில் வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்டேன். "மூத்தவ பங்கு" என்றாள். அத்தனை நாளில் அண்ணியைப் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அண்ணி திரும்பும் நாளில் அந்த வேன் கடைசியில் வந்தேவிட்டது. பழநிக்கும் போகவில்லை, குருவாயூருக்கும் போகவில்லை. குடும்பம் மொத்தமும் அதில் ஏறி காட்பாடி ஸ்டேஷனுக்குப் போனோம், அம்மா உட்பட. ரயில் நின்றது. கூட்டத்துக்கு நடுவே வாடாமல்லி நிறம் தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் அண்ணி கையைத் தூக்கி ஆட்டினாள். வலது கை. தலைக்கு மேலே, முழங்கை மடங்காமல், நேராக. அண்ணன் ஓடிப்போய் அவள் பையை வாங்கிக்கொண்டான். நான் வெட்கமில்லாமல் அழுதேன். அம்மா அவள் பின்னால் போய் நின்று, ஜடையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "யார் பின்னிவுட்டது?" என்று கேட்டாள். "நான்தான் அத்தை." அம்மா ஜடையைக் கீழே விடவே இல்லை. வேன் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இனி என் கைக்கு வேலையில்லை என்று எனக்கு லேசாக ஒரு குறை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கே முதல் நாட்களில் அண்ணிக்கு இருட்டிலேயே விழிப்பு வந்து, யாருக்குக் காபி போடுவது என்று தெரியாமல் படுக்கையில் உட்கார்ந்திருந்தாளாம். அப்புறம் அந்த ஒற்றை நாற்காலியில் போய் உட்கார்ந்து மழை பார்த்தாளாம். வேனில் வரும்போது அதைத்தான் சொன்னாள். கையைப் பற்றிச் சொன்னதைவிட அந்த நாற்காலியைப் பற்றித்தான் அதிகம் சொன்னாள். அடுத்த ஆடியில், சொன்னபடி, கூழை அவளே கிளறினாள். பாதியில் அண்ணன் போய்த் துடுப்பை வாங்கிக்கொண்டான். இப்போதெல்லாம் அவள் ஒவ்வொரு வருடமும் அங்கே போய்வருகிறாள். வேன்காரருக்கு யாரும் சொல்வதில்லை. அம்மா மட்டும் பழக்க தோஷத்தில் முறுக்குச் சுடுகிறாள், அதை நாங்கள் தின்கிறோம்.

போன வாரம் ஒரு கல்யாணக் கூட்டம் புடவை எடுக்க வந்திருந்தது. வெள்ளைத் துணி விரித்த மெத்தை மேல் பட்டாகக் கிடந்தது. பெண்ணின் தாயார் எதையும் பார்க்காமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டாக்டர் எங்கேயாவது போய் ஓய்வெடுக்கச் சொல்கிறார், ஒண்டியாக எப்படிப் போவது என்று என்னிடம் மெல்லச் சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா எழுந்தாள். பீரோவைத் திறந்து, வெள்ளைத் துணியைப் பிரித்து, அந்தப் பருத்திப் புடவையைக் கொண்டுவந்தாள். மெத்தையிலிருந்த பட்டுகளையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் விரித்தாள். "இது விக்கிறதுக்கு இல்லம்மா. எங்க மூத்த மருமக ஒண்டியா போய்ட்டு வந்த புடவை" என்றாள். காலமெல்லாம் பழுதை உள்ளே மடித்தே பழகிய கை அது. எண்ணெய்க் கறை இருந்த பக்கத்தை நீவி, எல்லாருக்கும் தெரியும்படி மேலே எடுத்து வைத்தது.