இடது கைச் சவரம்

வலது கை எவ்வளவு உயரம் போகிறது என்பதைச் சுவரில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். பிசியோதெரபி செய்யும் பெண் சொல்லிக்கொடுத்தது அது. சுவரை ஒட்டி நின்று விரல்களைப் பூச்சி மாதிரி மேலே நடக்கவிட வேண்டும். நின்ற இடத்தில் ஒரு கோடு. முதல் மாதத்தில் பதினோரு கோடுகள் விழுந்தன. காலண்டர் ஆணிக்கு ஒரு சாண் கீழே வந்ததும் கை நின்றுவிட்டது. பிறகு புதுக் கோடு எதுவும் இல்லை.

முடி வெட்டுகிறவரின் கை நாள் முழுக்கத் தோள் உயரத்தில் நிற்க வேண்டும். அவருடைய கை முப்பத்தோரு வருடம் நின்றது. இரண்டு நாற்காலி போட்ட சலூனில் ஜன்னல் பக்கத்து நாற்காலி அவருடையது. வாடிக்கையாளர்கள் அவரைக் கிருதா என்று முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் முதலில் கேட்பது, "கிருதா எவ்வளவு வைக்கட்டும்?" காதோர முடி இரண்டு பக்கமும் ஒரே மட்டம்தானா என்று கண்ணாடியில் குனிந்து பார்க்காமல் துண்டை உருவ மாட்டார்.

எட்டு மாதத்துக்கு முன்பு, கடை திறக்கப் போகும் வழியில், தெருமுனையில் திரும்பிய கார் அவரைத் தோளோடு தள்ளிவிட்டது. ஓட்டியவன் நல்லவன்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தான். "கவலைப்படாதீங்க, இன்சூரன்ஸ் இருக்கு" என்றான். அதன் பிறகு அவனைக் காணவில்லை. காகிதங்கள்தான் வந்தன.

வக்கீல் அவரைவிட இருபது வயது சின்னவள். வேகமாகப் பேசினாள்.

"டாக்டர் இருபத்தஞ்சு சதவீத ஊனம்னு எழுதியிருக்கார். அது கைக்கு. உங்க தொழிலுக்கு இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்லண்ணா. ஆபீஸ்ல உக்காந்து கையெழுத்துப் போடறவருக்கு இதே தோள் போனா சம்பளத்துல ஒரு பைசா குறையாது. உங்களுக்கு மொத்தமும் போச்சு. அதைத்தான் நாம காட்டணும். கம்பெனிக்காரங்க இருபத்தஞ்சைப் புடிச்சிட்டு விடமாட்டாங்க. அந்தப் பணம் ரெண்டு வருஷ வாடகைக்குக் காணாது."

அவருக்கு வயது ஐம்பத்தாறு. வேறு தொழில் தெரியாது.

அவள் ஒரு படிவத்தைத் திருப்பினாள். "உங்களைக் கவனிச்சிக்கிட்டது யாரு? பேரு, உறவு, எத்தனை நாள். அதுக்கும் தனியாப் பணம் உண்டு."

"யாரும் இல்ல."

"குளிக்க, சட்டை போட?"

"நானே பாத்துக்கிட்டேன்."

"கூடப்பொறந்தவங்க?"

"தங்கச்சி இருக்கா. வெளியூர்ல. அவகிட்ட லேசான அடின்னு சொல்லிவச்சிருக்கேன்."

"நிஜத்தைச் சொல்லியிருந்தா வந்திருப்பாங்கல்ல?"

"வந்திருப்பா. அதான் சொல்லல."

அவள் பேனாவை மூடினாள். "அண்ணா, எல்லாத்தையும் நானே பாத்துக்கிட்டேன்னு கோர்ட்டுல வந்து சொல்லிடாதீங்க. டிப்டாப்பாவும் வராதீங்க. படற கஷ்டம் கொஞ்சம் தெரியட்டும்."

அவர் தலையாட்டினார்.

விசாரணை நாளன்று விடியும் முன்பே விழித்துக்கொண்டார். எட்டு நாள் தாடி. அதோடு போவதாகத்தான் இருந்தார். கண்ணாடியில் பார்த்தார். தாடியோடு ஒரு நாள்கூட அவர் கடைக்குப் போனதில்லை. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு இந்த முகத்தோடு போவது அவரால் முடியவில்லை. கத்தியை இடது கையில் எடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய டிவியிலோ காலைச் செய்தி தொடங்கியது. முடிந்து, விளம்பரங்கள் வந்து, மறுபடியும் செய்தி தொடங்கியது. பிறகு கட்டிலில் மல்லாந்து படுத்து, வலது கையை முதலில் நுழைத்துச் சட்டையைப் போட்டார்.

நீதிமன்றத்தில் அவரைப் பார்த்ததும் வக்கீல் முகம் சுருங்கிப்போனது. "என்னண்ணா இது?" என்று மட்டும் கேட்டாள்.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் பெரியவர், நிதானமானவர். எழுந்து சிரித்தார்.

"முகம் பளபளன்னு இருக்கே. எந்தக் கடையில ஷேவ் பண்ணினீங்க?"

ஏதாவது ஒரு கடையைச் சொல்லியிருக்கலாம். தன் வக்கீலைப் பார்த்தார். அவள் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்தா, முழுசா என்பது இந்த ஒரு பதிலில் நிற்கிறது என்பது அவருக்கும் தெரிந்தது. ஆனால் முப்பது வருடமாக வேறு எவன் கத்தியும் அவர் கன்னத்தில் பட்டதில்லை.

"நானேதான்."

"பிளேடு வச்சா?"

"கத்தியில."

"அப்போ கை நல்லாத்தான் வேலை செய்யுது."

பெரியவர் உட்காரப் போனார். நீதிபதி நிமிர்ந்தார்.

"எந்தக் கையால?"

"இடது கையால, ஐயா."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அஞ்சு மணிக்கு உக்காந்தேன். முடிக்கும்போது ஆறேகால்."

"கடையில ஒருத்தருக்கு எவ்வளவு நேரம் எடுப்பீங்க?"

"பத்து நிமிஷம், ஐயா. பேச்சுக்காரரா இருந்தா பதினஞ்சு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரியவர் விடவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்ல இடது கை பழகிடும் இல்லியா?"

"பழகிடும் சார். பழகுற வரைக்கும் யாரு கழுத்தைக் குடுப்பாங்க?"

நீதிபதி அவரைக் கிட்டே வரச் சொன்னார். காதுக்குக் கீழே இருந்த வெட்டையும், ஒரு கிருதா மற்றதைவிட விரற்கடை இறங்கியிருப்பதையும் பார்த்தார். எதையோ எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து வக்கீல் போன் செய்தாள். "அண்ணா, தொழில் போச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க. அந்த ஒண்ணேகால் மணி நேரத்தைத் தீர்ப்புலயே எழுதியிருக்காரு."

"நல்லதும்மா" என்றார்.

"கவனிச்சிக்கிட்டவங்களுக்கான பணம் மட்டும் இல்லன்னுட்டாங்க. 'மனுதாரருக்கு உதவியாக எவரும் இருந்ததாகத் தெரியவில்லை'ன்னு இருக்கு."

"அது சரிதானேம்மா."

போனை வைத்த பிறகு தங்கையின் எண்ணை எடுத்துப் பார்த்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். பத்து மாதமாகச் சலூன் இருக்கும் தெருவை விட்டு அவர் சுற்றிக்கொண்டு போவதுதான் வழக்கம். இன்று நேராகப் போனார்.

இருபது வருடம் பக்கத்து நாற்காலியில் நின்றவர் தனியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கத்துக்கு இப்போது வேறு ஆள். அந்தப் புது ஆள் சாப்பிடப் போயிருந்தார்.

"வாய்யா! ரெண்டு தடவை போன் போட்டேன். நானே பாத்துக்கறேன், நானே பாத்துக்கறேன்னே. பெரிய துரை."

அவர் போய் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் உட்கார்ந்து அந்தக் கண்ணாடியைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"ஒரு பக்கம் ஏறிக் கெடக்கு, ஒரு பக்கம் எறங்கிக் கெடக்கு. எந்தப் பாவிய்யா இப்படிப் பண்ணினான்?"

"நான்தான்."

பக்கத்து நாற்காலிக்காரர் துணியை உதறிப் போர்த்தினார். இரண்டு விரலால் அவர் மோவாயைத் தொட்டு முகத்தை நேராக நிறுத்தினார். விரல்கள் சூடாக இருந்தன. உட்கார்ந்திருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கிருதா எவ்வளவு வைக்கட்டும்?"

யோசித்தார்.

"உன் இஷ்டம்" என்றார்.

அந்தப் பதிலைச் சொன்ன வாடிக்கையாளர்கள்மேல் அவருக்கு எப்போதும் எரிச்சல்தான் வந்திருக்கிறது.