இரண்டாம் பாதியில் மாப்பிள்ளை

எவாரிஸ்தோவை எங்கள் ஊரில் ‘தாழ்ப்பாள்’ என்பார்கள். பதினாறு வருடம் மூன்றாம் டிவிஷன் கால்பந்தில் தடுப்பாட்டக்காரர். ஸ்பெயினின் வடக்கே, எங்கள் அஸ்தூரியாஸின் சேற்று மைதானங்களில் ஒரு முன்பல், மூக்கெலும்பு, வலது முழங்கால் என்று தன்னைத் தவணை முறையில் விட்டுவிட்டு வந்தவர். முழங்கால் மடங்க மறுத்த பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளரானார். ‘மிஸ்டர்’ என்று கூப்பிடுவோம்.

“பந்தைப் பாக்காத, இடுப்பைப் பாரு. பந்து பொய் சொல்லும்” என்பார். மூன்று கண்டம் சுற்றிவிட்டேன். சந்தையிலும் எல்லைச் சாவடியிலும் நான் இன்னும் இடுப்பைத்தான் பார்க்கிறேன்.

பிள்ளைகளை வெளியூர் ஆட்டங்களுக்குக் கொண்டுபோகும் பஸ்ஸை ஓட்டுபவள் நெலிதா. முன் சீட்டில் மிஸ்டர். வழியெல்லாம் இருவருக்கும் சண்டை. அது காதல் என்று ஊருக்கே தெரியும். கல்யாணம்தான் ஆறு வருடமாக நடக்கவில்லை. காரணம் நாங்கள். ஆகஸ்ட் திருவிழாவில் கல்யாணம் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஆட்டம் நடக்கும். தாழ்ப்பாள் எங்கள் பக்கம் இருக்கும்வரை ஆகாதவர்கள் நாங்கள் தோற்றதில்லை. “இந்த ஆகஸ்ட் மட்டும், மிஸ்டர்!” என்று வருடா வருடம் கெஞ்சுவோம்.

நான் ஊர் திரும்பிய வாரமே திருவிழா. வந்த காலோடு இடது பக்கத் தடுப்பில் நிறுத்திவிட்டார்கள். இடைவேளையில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள் முன்னிலை. அப்போது நெலிதா பஸ்ஸை மைதானத்துக்குள்ளேயே ஓட்டிவந்து நடுவட்டத்தில் நிறுத்தினாள். புது மஞ்சள் கவுன்.

“எவாரிஸ்தோ! கல்யாணப் பேப்பரெல்லாம் மே மாசமே ரெடி. இப்பக் கட்டிக்கிறியா, இல்ல ஹிஹோன் டவுன்ல குடுக்கிற வேலைக்கு நான் போயிடட்டுமா? நாளைக்குப் பதில் சொல்லணும்.”

எங்கள் கேப்டன் போர்ஹா பாய்ந்தான். “நாப்பத்தஞ்சு நிமிஷம்தான், நெலிதா! அப்புறம் நாங்களே தூக்கிட்டு வந்து குடுக்கிறோம்!”

“ஆட்டம் முடிஞ்சா விருந்து, விருந்து முடிஞ்சா தூக்கம், அப்புறம் அடுத்த ஆகஸ்ட்டு. உனக்கு மீசை முளைக்கிறதுக்கு முன்னாலேர்ந்து இதத்தாண்டா கேக்குறேன்!”

எதிரணிக் கேப்டனான மேயர் செல்சோ அதற்குள் பனியன் மேல் பதவிப் பட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். “ரெண்டே நிமிஷம்! மேயர் நான் கட்டி வெச்சா சட்டப்படி செல்லும்!”

“யோவ் மேயரே, அவசரம் கல்யாணத்துக்கா, உங்க டீம் தடுப்புக்கு ஆளில்லன்னா?” என்று கூட்டத்தில் ஒரு குரல்.

மிஸ்டர் எங்களைப் பார்த்தார். பிறகு நெலிதாவை. அவள் முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. இடுப்பு பஸ் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது.

“பசங்களா, மன்னிச்சுக்குங்க” என்று தான் போட்டிருந்த எங்கள் அணிச் சட்டையைக் கழற்றினார். மோதிரம் அவருடைய காலுறைக்குள்ளிருந்து வந்தது. எத்தனை ஆகஸ்ட்டாக அங்கே இருந்ததோ! விசிலும் மத்தளமுமாக மைதானமே குதித்தது. நடுவரும் அழுதார்.

இரண்டாம் பாதியில், கல்யாணமானவர்கள் பக்கம், தொப்புள் தெரியும் இரவல் சட்டையில் தாழ்ப்பாள் எங்களுக்கு எதிராக நின்றார். போர்ஹா மூன்று முறை அவர்மேல் மோதி விழுந்தான்.

“இடது தோளை ஏண்டா மொதல்ல சாய்க்கிற? பத்து வயசுலேர்ந்து சொல்றேன்!” என்று எதிரணியிலிருந்தே பாடம் நடத்தினார்.

அவரை யாரும் தாண்டவில்லை. ஆனால் அவருடைய புது ஆட்களாலும் கோல் போட முடியவில்லை. இரு பக்கமும் ஒரு பந்தைக்கூட விடாத மனிதர், முதல் பாதி கோலால் தோற்றார்.

தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்கு ஆப்பிள் மது ஊற்ற வேண்டும். மாப்பிள்ளை தன் கல்யாண விருந்தில் மேசை மேசையாக ஓடினார். நெலிதா எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

“நீ கல்யாணமானவ, அந்தப் பக்கம் போ” என்று போர்ஹா விரட்டினான்.

“நான் எங்கடா தோத்தேன்?” என்று கோப்பையை நீட்டினாள். மிஸ்டர் எங்கள் ஊர் வழக்கப்படி பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி, அவள் முகத்தையே பார்த்தபடி ஊற்றினார். அத்தனையும் அவள் செருப்பில். அவள் மறுபடியும் நீட்டினாள்.