வலப்பக்கக் காற்று

மேலூர்ப் பக்கம் மினிபஸ் ஓட்டும் அண்ணன் ஒருவர் எங்கள் படகுக் குழுவில் இருக்கிறார். சாலையில் அவர் யாருக்கும் வழி விட்டு நான் பார்த்ததில்லை. நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர், கிரானைட் லாரி, மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் கல்யாணக் கார், எதுவாக இருந்தாலும் அவருடைய ஹாரனைக் கேட்டதும் ஓரம் கட்டிவிட வேண்டும். அப்பேர்ப்பட்ட மனிதர் கண்மாய்த் தண்ணீரில் எனக்கு மட்டும் வழி விட்டார். அதற்காக அவர்மேல் எனக்கு வந்த கோபம் ஒரு தை மாதத்தில் தொடங்கி அடுத்த வருஷம் மாசி வரைக்கும் ஆறவில்லை.

மதுரையில் பாய்மரப் பந்தயமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், நானும் முதலில் சிரித்தவள்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், திருவாதவூர்ப் பக்கம் குடிவந்தபோது சில பழைய படகுகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்களுக்கு அவர் ‘சார்’. ஓர் ஆள் மட்டும் உட்காரும் சின்னப் படகுகள் அவை. அடியில் கனமான ஈயக்கட்டி இருப்பதால் காற்றில் எவ்வளவு சாய்ந்தாலும் கவிழாது. உள்ளே இறங்கி, முன்னே பார்த்து உட்கார்ந்துவிட்டால் கயிறுகள் எல்லாம் மடிக்குப் பக்கத்திலேயே இருக்கும். முழுக்கக் கைவேலை. காலுக்கு அங்கே ஒரு ஜோலியும் கிடையாது.

எனக்கு அது போதும். குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் இரண்டு காலும் சூம்பிப்போய்விட்டன. அவனியாபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டியில் ஊரெல்லாம் சுற்றுகிறேன். ஆனாலும் வழியில் பார்ப்பவர்கள் எல்லோரும் “பாத்து, பாத்து” என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணில் ஒரு குறையும் இல்லாதவளை எதற்குப் பார்க்கச் சொல்கிறார்கள்?

கார்த்திகையில் கண்மாய் நிறைந்ததும் எங்கள் பந்தயம் தொடங்கும். மாசியில் தண்ணீர் வற்றி ஈயக்கட்டி சேற்றில் உரசும்போது முடியும். படகில் ஏறுவதற்கு மடைக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கை உண்டு. அவனியாபுரம் பட்டறையில் சொல்லிச் செய்தது. சங்கிலியை இழுத்தால் இருக்கை ஆளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகுக்குள் இறக்கிவிடும். நடக்க முடிந்தவர், முடியாதவர் என்ற பேதம் இல்லாமல் எல்லோரும் அதில் உட்கார்ந்துதான் இறங்க வேண்டும், அதில்தான் ஏற வேண்டும் என்பது சாரின் கட்டளை. பந்தயத்தில் எந்த வரிசையில் வந்தோமோ அந்த வரிசையில்தான் கரையேற வேண்டும். குழுவில் காது கேட்காத கல்லூரிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்காக, தண்ணீரில் யாரைக் கூப்பிட்டாலும் கத்துவதோடு கையையும் உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இப்போது அவள் வராத நாளிலும் கை தானாக மேலே போகிறது.

பந்தயத்துக்கு நடுவர் கிடையாது. இதுதான் எனக்கு முதலில் நம்ப முடியாததாக இருந்தது. காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது, குறுக்கும் நெடுக்குமாக வளைந்துதான் போக வேண்டும். அப்படிப் போகையில் இரண்டு படகுகள் எதிரெதிராக வந்தால், வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கே வழி. அது “வலது” என்று குரல் கொடுக்கும். இடப்பக்கக் காற்றில் வருவது ஒதுங்க வேண்டும். ஒதுங்காமல் மற்றவரைத் திரும்ப வைத்துவிட்டால், தப்புச் செய்தவரே, யாரும் சொல்லாமலே, அந்த இடத்தில் படகை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். மதுரைச் சாலையில் இப்படி ஒரு சட்டம் இருந்தால் பாதி வண்டிகள் பெரியார் பஸ் நிலையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தை மாதம் நான் முதல் தடவையாக ஒரு பந்தயத்தில் ஜெயித்தேன். இரண்டாவதாக வந்தவர் மினிபஸ் அண்ணன். கரையில் எல்லோரும் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் நான் யாரையும் ஓடி முந்தியது கிடையாது, அதனால் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த காது கேட்காத பெண் மட்டும் கை தட்டவில்லை. என் எதிரே வந்து உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் படகு போல நீட்டினாள். ஒரு கையால் என்னைக் காட்டினாள், ஒரு கையால் அவரைக் காட்டினாள். என் கை நேராகப் போனது. அவர் கை, முட்டப் போகும் நேரத்துக்கு வெகு முன்னாலேயே, மெதுவாக விலகியது.

காற்று எந்தப் பக்கம் என்று யோசித்துப் பார்த்தேன். வழி அவருடையது.

டீக்கடையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். “எதுக்குண்ணே ஒதுங்குனீங்க?”

“அட விடு தங்கச்சி. ஒரு தடவ நீ ஜெயிச்சா என்ன, கொறஞ்சா போயிருவேன்?”

“ரோட்டுல எவனுக்காச்சும் இப்புடி வழி விட்டிருக்கீங்களா?”

“ரோடும் இதுவும் ஒண்ணா? நீ அம்புட்டுத் தூரத்துல இருந்து வண்டிய ஓட்டிக்கிட்டு வாரவ. மனசு கேக்க மாட்டேங்குது.”

அவர் மனசு கேட்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல மனசு. அதனால்தான் சண்டை போடுவதும் கஷ்டமாக இருந்தது. சாரிடம் போய் முறையிட்டேன். “அவரு ஒதுங்குனதுக்கு அவருக்குத் தண்டன கொடுக்க விதி இல்லம்மா” என்றார். சற்று யோசித்துவிட்டு, “ஆனா ஒன்னால அவரு திரும்பியிருந்தா, தப்பு ஒம்மேலதான்” என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த பருவம் முழுக்க, அவர் எனக்காக ஒதுங்கும் ஒவ்வொரு தடவையும் நான் நின்ற இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றினேன். அவர் கருணை காட்டுவார், நான் சுற்றுவேன், எல்லோரும் என்னைத் தாண்டிப் போவார்கள். “ஏய், சுத்தாத தங்கச்சி, நாந்தேன் ஒண்ணும் சொல்லலைல” என்று அவர் தண்ணீரில் கெஞ்சுவார். நான் காதில் வாங்கமாட்டேன். நான் விலகிப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். விலகத்தான் பார்ப்பேன். நான் விலகுவதற்குள் அவர் விலகிவிடுவார். மனிதரின் கை அவ்வளவு வேகம். பொங்கல் வருவதற்குள் கடைசி இடம் எனக்கென்றே ஆகிவிட்டது. கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவர்கள் கரையில் உட்கார்ந்து, “அந்தக்கா படகுல என்னமோ கோளாறு, சும்மா சும்மா சுத்துது” என்று பேசிக்கொள்ளும் அளவுக்குப் போனது.

வீம்பு என்று வீட்டில் சொன்னார்கள். இருக்கட்டும். நான் ஜெயிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. என்னோடு ஒருவர் ஒரு தடவையாவது நிஜமாகப் போட்டி போட வேண்டும், அதற்குப் பிறகு நான் எந்த இடத்தில் வந்தாலும் சரி என்பதுதான் என் ஆசை. நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண்ணுக்கு வரக்கூடிய ஆசையா அது என்றால், எனக்கு வந்தது.

மாசியில் கடைசிப் பந்தயம். தண்ணீர் இறங்கிவிட்டதால் நடுக் கண்மாயில் மட்டும்தான் ஓட்ட முடிந்தது. கடைசித் திருப்பத்துக்கு முன்னால் எனக்கும் அவருக்கும்தான் போட்டி, மற்றவர்கள் பின்னால். நான் இடப்பக்கக் காற்றில் வந்தேன், அவர் வலப்பக்கக் காற்றில் எதிரே வந்தார். கொஞ்சம் நெருக்கினால் அவருக்கு முன்னால் கடந்துவிடலாம் என்று தோன்றியது. கடக்க முடியாது என்றும் தோன்றியது. அவர் எப்படியும் திரும்புவார், நானும் சுற்ற வேண்டியதுதான் என்று கயிற்றை இறுக்கிப் பிடித்தேன்.

அவர் திரும்பவில்லை. கையை நன்றாக மேலே தூக்கினார். அப்புறம் மேலூர்ச் சந்தை நாளில் கூட்டத்தைப் பிளக்கிற அந்தக் குரலில், “வலது” என்று ஒரு சத்தம் போட்டார். கரையில் கொக்குகள் எழும்பின. படகைச் சட்டென்று வளைத்து அவருக்குப் பின்பக்கமாகக் கடந்தேன். நூலிழையில் தப்பித்தேன், படகு உரசவில்லை. அதற்குப் பிறகு என்னால் முடிந்தமட்டும் விரட்டினேன். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, பஸ்ஸை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் மாதிரி முன்னால் போய்ச் சேர்ந்தார். நான் இரண்டாவது.

மடைக்கு வந்தோம். இருக்கை எங்களுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக அவர் முதலில் வந்த நாளிலும், விதியை மீறி, “மொதல்ல தங்கச்சிய ஏத்துங்க” என்பார். அன்று என் படகு காற்றில் நகர்ந்து இருக்கைக்குக் கீழே போய் நின்றுவிட்டது. அவர் என்னை முறைத்தார்.

“படகத் தள்ளு தங்கச்சி. மொதல்ல வந்தவன் நானு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றதற்காக அழுகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும், முகத்தில் அந்தப் பழைய இரக்கம் எட்டிப் பார்த்தது. ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. நான் மடைச் சுவரைக் கையால் தள்ளிப் படகைப் பின்னால் நகர்த்தி அவருக்கு வழி விட்டேன்.