மணி அடிக்காமல் சாத்திய கேட்டு

ஆண்டவரில் அன்புள்ளவர்களே, நான் சொல்ல வந்தது நன்றிதான். ஆனால் எனக்கு இன்னும் கோபம் முழுசாக ஆறவில்லை. கோபத்தை வைத்துக்கொண்டு சாட்சி சொல்லலாமா என்று சுவாமியாரிடம் கேட்டேன். மறைத்துக்கொண்டு சொல்வதைவிட அது மேல் என்றார். அதனால் உள்ளபடி சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் பிலிமத்தலாவைக்குக் கிட்ட ரயில் கேட்டுக்காரராக இருந்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கும் வண்டிப்பாதை அங்கேதான் தண்டவாளத்தைக் கடந்து கண்டி ரோட்டுக்குப் போகும். தோட்டத்துப் பக்கம் எங்கள் வீடு, ஒரு அறையும் ஒரு குசினியும். ஸ்டேசனிலிருந்து வண்டி புறப்பட்டால் எங்கள் வாசல் மணி அடிக்கும். மணி அடித்தால் கேட்டைச் சாத்துவார், வண்டி போனால் திறப்பார். பல வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு. சட்டத்துக்கு அடங்கின மனுஷன் என்றால் அப்படி ஒரு மனுஷன். என் தம்பி கலியாணத்தன்றுகூட மணி அடித்துவிட்டது என்று மாப்பிள்ளையை வெயிலில் நிறுத்திவைத்தார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி என் தம்பி இன்னும் அவரைக் கேலி செய்வான்.

1932ஆம் வருஷம், மே மாதம். கொழும்பிலிருந்து பெரிய துரைமார் ஸ்பெஷல் ரயிலில் கண்டிக்குப் போகிறார்கள் என்று உத்தரவு வந்தது. கேட்டுக்கு வெள்ளை பூசச் சொன்னார்கள், பூசினோம். கொடியில் காய்ந்த துணியை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். ஆட்டைக் கண்ணில் படாமல் கட்டச் சொன்னார்கள், அதையும் கட்டினேன். நல்லவேளை, என்னைக் கட்டிப்போடச் சொல்லவில்லை.

மத்தியானமே ஒரு இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு பக்கக் கேட்டையும் சாத்தி, சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை இவர் கையில் கொடுத்தார். ஸ்பெஷல் போகும்வரை மாடோ மனுஷரோ கடக்கக் கூடாதாம். பாதை வெறிச்சென்று தெரிந்தால்தான் துரைமாருக்கு மரியாதையாம். காவலுக்கு ஒரு சிங்களக் கான்ஸ்டபிளையும் நிறுத்திவிட்டுப் போனார். மணி அடிக்காமல் அந்தக் கேட்டு சாத்தியது அன்றுதான் முதல் தடவை.

வெயில் சாயும் நேரத்தில் தோட்டத்துப் பக்கமிருந்து மாட்டு வண்டி ஒன்று ஓட்டமாய் வந்தது. முனியாண்டி ஓட்டிவந்தார். உள்ளே அவர் மனைவி லெட்சுமி படுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும்போது எங்கள் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற பெண் அவள். கொழுந்து எடுக்கும்போது விரியன் கடித்துவிட்டது. கால் முழங்காலுக்கு மேல் வீங்கியிருந்தது. பல் ஈறில் ரத்தம் கசிந்தது.

“அண்ணே, கேட்டத் தொறங்க. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்” என்றார் முனியாண்டி.

“உத்தரவு இல்லப்பா. இப்ப ரயில் கோச்சி வந்துரும், கொஞ்சம் பொறு” என்றார் இவர்.

தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் கான்ஸ்டபிள் ஆளையும் விடவில்லை. அந்தப் பக்கம் வேறு வண்டியும் கிடையாது. நான் உள்ளே ஓடி மாதா படத்துக்கு முன் முழந்தாள் போட்டேன். சர்வேசுரனே, அந்த ரயிலைச் சீக்கிரம் கொண்டுவாரும் என்று அழுதேன். செபமாலை பாதி முடிந்தது. மணி அடிக்கவில்லை. வெளியே முனியாண்டி கதறுகிற சத்தம் கேட்டது. எனக்கு ஆண்டவர்மேலேயே ஆத்திரம் வந்தது. உலகத்தை உண்டாக்கினவருக்கு ஒரு ரயிலைத் தள்ளிவிட முடியாதா என்று வாய்விட்டே கேட்டேன்.

வெளியே வந்து பார்த்தால், இவரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் செபித்துக்கொண்டு நிற்கிறார். இருவரும் ஒரே ரயிலுக்காக மன்றாடியிருக்கிறோம். சாவியோ அவர் கோட்டுப் பையில் கிடக்கிறது.

“என்னங்க, தொறந்து விடுங்க.”

“அதிகாரமெல்லாம் ஆண்டவர் வச்சதுன்னு கோயில்ல கேட்டிருக்கோமே, ரோசு.”

“வேதத்துல சொன்னபடி இராயனுக்கு உள்ளத இராயனுக்குக் குடுத்தாச்சு. வெள்ள பூசியாச்சு, ஆட்டக் கட்டியாச்சு. இந்தப் பொண்ணு உசுரும் இராயனுக்கா?”

அவர் கேட்டையே பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பவும் உள்ளே போய் விழுந்தேன். இந்தத் தடவை ரயிலைக் கேட்கவில்லை. ஆண்டவரே, இந்த மனுஷன் மனதைத் திறவும், இல்லையென்றால் சாவியைப் பிடுங்க எனக்குப் பலம் தாரும் என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் வாசற்படியில் நின்றார்.

“ரோசு, மணி அடிக்கலியே?”

“இல்லீங்க.”

“அப்ப லைன்ல ஒண்ணும் இல்ல. ஆளு சாகக் கூடாதுன்னுதான் இந்தக் கேட்டே போட்டிருக்கு. அதச் சாத்திவச்சு ஆளச் சாகடிக்கவா?”

போய் இரண்டு பக்கப் பூட்டையும் திறந்தார். கான்ஸ்டபிள் ஓடிவந்து, “எப்பா, சூசை, எப்பா!” என்று தடுத்தார். வேண்டாம் என்று சிங்களத்தில் கெஞ்சுகிறார். இவர் தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சங்கிலியை இழுத்தார். பளபளக்கிற தண்டவாளத்தைக் கண்டு மாடு மிரண்டு நின்றது. அப்போது அந்தக் கான்ஸ்டபிளே மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் சேர்த்தார். அவருக்கும் ஆண்டவர் சமாதானம் கொடுக்கட்டும்.

ஸ்பெஷல் வந்தபோது விளக்கு வைத்தாயிற்று. கரி பறக்கும் என்று ஜன்னல் எல்லாம் இறக்கியிருந்தார்கள். எங்கள் வெள்ளைக் கேட்டை ஒரு துரையும் எட்டிப் பார்க்கவில்லை.

கான்ஸ்டபிள் நடந்ததை நடந்தபடி சொன்னார். அவர் உத்தியோகம் அது. விசாரணை வந்தது. விசாரித்த துரை மோசமானவர் அல்ல. தப்பு நடந்துபோச்சு, இனிமேல் செய்ய மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை இருக்கும் என்றார். எங்கள் கோவில் மூப்பர், யாழ்ப்பாணத்துக் கிளார்க்கர், வீட்டுக்கே வந்து புத்தி சொன்னார்.

“சூசை, சொல்லிப்போட்டு வேலையைப் பாரும். அதிகாரத்துக்கு அமைஞ்சு நடக்கிறதுதானே வேதக்காரருக்கு அழகு. கீழ்ப்படியாமையால எங்கள் எல்லாருக்கும் கெட்ட பேர்.”

பூசைக்குப் போனால் சிலர் எங்களைப் பார்த்து ஒதுங்கி உட்கார்ந்தார்கள். லெட்சுமி பிழைத்தாளா என்பதும் தெரியாது. முனியாண்டி கண்டியிலிருந்து திரும்பவில்லை, தோட்டத்து ஆட்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. செத்துப்போன ஒருத்திக்காகவா வீட்டையும் விடப்போகிறோம் என்று நான் புலம்பினேன். சொல்லிவிடுங்கள் என்று காலைப் பிடித்தேன்.

“தண்டிக்கிற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு. குடுக்கட்டும், வாங்கிக்கிறேன்” என்றார். “ஆனா நாளைக்கு சாகக் கெடக்குற ஆளோட இன்னொரு மாட்டு வண்டி வந்தாலும் நான் தொறப்பேன். செய்ய மாட்டேன்னு எப்படிப் பொய் சொல்றது?”

துரையிடமும் அதையே சொன்னார். வேலை போயிற்று. வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். அவர் மனதைத் திறக்கச் சொல்லித்தான் கேட்டேன், இவ்வளவு அகலமாகத் திறக்கச் சொன்னேனா என்று ஆண்டவரிடம் சண்டை பிடித்தேன். அந்த ஒரு வாரம் செபமாலையைத் தொடவே இல்லை.

வீட்டை விடுகிற நாள் காலையில் பெட்டியும் பானையும் வாசலில் கிடந்தன. புதுக் கேட்டுக்காரர் வந்து நின்றுகொண்டிருந்தார். எங்களை ஏற்றிப்போக வண்டி பிடிக்க வழியில்லை. அப்போது தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு மாட்டு வண்டி இறங்கியது. முனியாண்டி! வண்டிக்குள் காலில் கட்டோடு லெட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

“ஆஸ்பத்திரியிலேருந்து நேத்து ராத்திரிதான் வந்தோம், அக்கா, ஒங்க வீட்டுல வெளக்கு அணைஞ்சிருந்துச்சு. இன்னும் கொஞ்சம் தாமசிச்சிருந்தா ஆளு இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. ஒங்களுக்கு வேல போன சங்கதி தோட்டத்துக்குப் போனப்பறம்தான் தெரியும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மாதாவே, தப்பாகப் பேசிவிட்டேன், மன்னியும் என்று அங்கேயே சொன்னேன்.

சாமானை ஏற்றிக்கொண்டு கேட்டுக்குக் கிட்ட வந்தோம். மணி அடித்தது. புதுக் கேட்டுக்காரர் எங்கள் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டே கேட்டைச் சாத்தினார். “இவங்களையுமா நிறுத்துறது?” என்று முனியாண்டி முறைத்தார். என் வீட்டுக்காரர் வண்டியை விட்டு இறங்கிப் போய், சங்கிலியைத் தானே கொக்கியில் மாட்டிக் கொடுத்தார். ரயிலின் கடைசிப் பெட்டி போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்களும் காத்திருந்தோம்.

இப்போது கம்பளையில் இருக்கிறோம். அவர் ஒரு மரக்கடையில் வேலை பார்க்கிறார். வருமானம் முந்தியைவிடக் குறைவுதான். ஆனாலும் ஒரு வேளைகூட ஆண்டவர் எங்களைப் பட்டினி போடவில்லை. லெட்சுமி கொழுந்து எடுக்கிறாள். கம்பளைச் சந்தைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் போவதில்லை. மூப்பர்மேல் உள்ள கோபம் மட்டும் பூசைக்குப் பூசை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்குகிறது. அதற்கும் நீங்கள் செபிக்க வேண்டும்.

பிரியமானவர்களே, அதிகாரத்துக்குக் கீழ்ப்படியுங்கள். மணி அடித்தால் நில்லுங்கள். ஆனால் மணி அடிக்காமல் சாத்திய கேட்டுக்கு முன்னால் ஒரு உயிர் துடிக்கும்போது, ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். அவர் பதில் தருவார், எனக்குத் தந்தார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ரயிலை அனுப்பச் சொல்லி அவரைத் தொந்தரவு பண்ணுவதற்கு முன்னால், உங்கள் கோட்டுப் பையைத் தடவிப் பாருங்கள்.