முட்டி போட்டவளின் கடைசிக் கேள்வி

நிமியா ஒகாம்போஸ் அந்தச் சொல்லை முதன்முதலில் படித்தது பல்கலைக்கழக நூலகத்தில், மங்கலான ஒரு நகல் தாளில். சப்ட்ராக்டிவ் பைலிங்குவலிசம்: முதல் மொழியைப் பிடுங்கிக்கொண்டு இரண்டாவதைக் கொடுப்பது. அவளுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனாலும் இதற்கு அகராதி தேவைப்படவில்லை. ஏழு வயதில், வகுப்பில் வீட்டு மொழியான குவாரனியில் தண்ணீர் கேட்டதற்காக மக்காச்சோள மணிகளின் மேல் முட்டி போட்டவள் அவள். செங்கல் சூளையில் வேலை பார்த்த அப்பாவிடம் அதன்பின் ஸ்பானிஷில்தான் பேசினாள். அவருக்கு அதில் பாதி புரியாது.

அன்றிலிருந்து அத்தகைய ஆங்கிலச் சொற்களை, எறிவதற்குக் கல் பொறுக்குவதுபோல ஒரு நோட்டில் பொறுக்கினாள். படிப்புக்காகத்தானா என்று சில சமயம் தன்னையே கேட்டுக்கொள்வாள். பதில் பிடிக்காது.

இப்போது வில்யாரிக்கா நகரில் அவள் தேர்வாளர். இருமொழிக் கல்விப் பட்டயத்துக்கு வாய்மொழித் தேர்வு. தேறினால்தான் தலைமையாசிரியர் பதவி. பட்டியலில் ஃபிடெலினா சாராத்தே என்ற பெயர் இருந்தது. மக்காச்சோளம் கொட்டிய அதே டீச்சர்.

“நான் பாத்துக்கறேன், நீ வெளிய போய் ஜில்லுனு மூலிகைத் தண்ணி, தெரெரே குடி,” என்றார் உடன் தேர்வாளர் ரோக்கே. “உன் மூஞ்சியே சரியில்ல.”

“இது இருபது வருஷத் தாகம் ரோக்கே. தெரெரேல தீராது.”

ஃபிடெலினா வந்து உட்கார்ந்தார். கோட் ஸ்விட்சிங் என்றால் என்னவென்று நிமியா கேட்டாள்.

“பேச்சுக்கு நடுவுல ஒரு மொழியிலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறுறது, மேடம்.”

“உங்க வகுப்புலேர்ந்து ஒரு உதாரணம்?”

“என் வகுப்புல அதெல்லாம் கிடையாது. ஸ்பானிஷ் மட்டும்தான்.”

“குவாரனி பேசின புள்ளைய முட்டி போடுன்னு எந்த மொழியில சொன்னீங்க?”

ஃபிடெலினா கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். பாடமெல்லாம் ஸ்பானிஷில் நடத்தியவருக்குக் கோபம் மட்டும் அதில் வராது. அந்த ஊரில் எவருக்கும் வராது.

“குவாரனியில.”

ரோக்கே சிரிப்பை அடக்க இருமினார்.

“முழு மதிப்பெண். கடைசிக் கேள்வி. அந்தப் புள்ளை எதை இழந்துச்சு?”

ஃபிடெலினா மேசையிலிருந்த பெயர்ப்பலகையைப் படித்தார். “சூளைக்காரர் பொண்ணுதானே நீ? என்னடி இழந்தே? நான் முட்டி போட வைக்கலன்னா, மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருப்பியா?”

நிமியா தன்னிடமே கேட்கப் பயந்திருந்த கேள்வி அது. ஒரு கணம் பேனா நின்றது. அப்பாவின் கடைசி நாள் ஞாபகம் வந்தது: அவர் குவாரனியில் ஏதோ சொன்னார், இவள் ஸ்பானிஷில் பதில் சொன்னாள், அவர் தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தப்பான பதில், டீச்சர்.”

பூஜ்யம் போட்டாள். தேர்ச்சிக்கு ஆறு மதிப்பெண் குறைந்தது.

“அந்தம்மாவுக்கு ஓய்வுக்கு ரெண்டே வருஷம்,” என்று ரோக்கே முணுமுணுத்தார்.

“தெரியும். கையெழுத்துப் போடுங்க.”

போட்டார். நிமியா ஃபிடெலினாவின் பக்கம் திரும்பி, குவாரனியில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

“அடுத்த வருஷமும் தேர்வு உண்டு. வாங்க. இதே கேள்வியத்தான் கேப்பேன்.”