சாயங்கால வாசனை

மாடிவீட்டு மருமகள் ஓடிப்போனாள் என்கிறீர்களே, ஓடுகிறவள் அடுப்பை அணைத்து, பால் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டா ஓடுவாள்? கூட ஒருத்தன் இருந்தான் என்கிறாள் கீழ்வீட்டுத் தையல்காரி. கண்ணால் பார்த்தாளா? இல்லை, மூக்கால் பார்த்தாளாம். வினை வந்ததே அந்த மூக்கால்தான்.

அவள் வேலை பார்த்தது பெரிய கடையில், சென்ட் விற்கிற பகுதியில். அவள் பொறுப்பில் இருந்தது ஒரே சரக்கு, எலுமிச்சையும் நாரத்தையும் சேர்ந்த சென்ட். காகிதத்தில் அடித்துக் காட்டினால் யாரும் வாங்குவதில்லை என்று, கடை திறந்ததும் தன் மணிக்கட்டில் ரெண்டு தரம் அடித்துக்கொண்டு, வருகிறவர்களிடம் கையை நீட்டுவாள். முதல் கால் மணி நேரம் அப்போதுதான் தோலுரித்த பழம் மாதிரி மூக்கைக் கிள்ளும். மத்தியானத்துக்குள் புளிப்பு இறங்கி, ஏதோ வெள்ளைப் பூ எட்டிப் பார்க்கும். பொழுது சாய்ந்தால் பூவும் போய், அடியில் கிடந்த மரக்கட்டை வாசனை மேலே வரும். சவரம் செய்துகொண்டு வந்த ஆம்பளை பக்கத்தில் நின்ற மாதிரி. பழமும் பூவும் கடைக்கு வந்தவர்களுக்கு; கட்டை மட்டும் அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கு வரும்.

ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது தையல்காரி அதை மோந்து, ஆம்பளை வாசனை என்று மாமியாரிடம் சொன்னாள். மாமியார் மகனிடம் சொன்னாள். மகன் லேத்துப் பட்டறைக்காரன், பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிறவன். மறுநாள் சாயங்காலம் அவள் உள்ளே வந்ததும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். திறந்த ஜன்னலுக்கு என்ன பதில் சொல்வது?

சோப்பு போட்டாள், உப்பு போட்டுத் தேய்த்தாள். தோல்தான் சிவந்தது. வேறு பகுதிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். உன் கையில்தான் இது நன்றாக மலர்கிறது என்று மேற்பார்வைக்காரர் சிரித்துவிட்டுப் போனார்.

கடைசியில் ஒரு விடுமுறை நாளில் சின்னப் புட்டியை வீட்டுக்கே கொண்டுவந்தாள். காலையில் மூன்று பேர் கையிலும் அடித்தாள். சாயங்காலம்வரை மணிக்கொரு தரம் மோந்து பாருங்கள், உண்மை தானாக வெளியே வரும் என்றாள். மூன்று கையையும் மோந்தது மாமியார்தான்; புருஷன் கையை நீட்டினதோடு சரி. அவள் கையில் வழக்கம்போல பழம், பூ, கட்டை. புருஷன் கையில் எலுமிச்சை எலுமிச்சையாகவே நின்றது. மாமியாரின் வறண்ட கையில் அரை மணி நேரத்தில் ஒன்றுமே இல்லை.

"எங்க ரெண்டு பேர் கையிலயும் வராத ஆம்பளை வாசனை உன் கையில மட்டும் எப்படிம்மா வருது?"

"ஒவ்வொருத்தர் தோலுக்கும் ஒவ்வொரு மாதிரி மாறும், அத்தை."

"அதைத்தான் நானும் சொல்றேன், உன் தோல் மாறிடுச்சுன்னு."

தோலுக்குத் தோல் மாறும் என்பது கடையில் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லி அவள் சரக்கு விற்ற வார்த்தை. வீட்டில் அதுவே அவள் கழுத்துக்குக் கயிறாய் வந்தது. சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியம் என்று தையல்காரி படியெல்லாம் சிரித்தாள்.

மறுநாளே வேலையை விட்டாள். அது ஆசையாய்ப் பார்த்த வேலை. போகட்டும், வீடு நிலைக்கட்டும் என்று நினைத்தாள். ஒரு வாரம் வாசல் தாண்டவில்லை. கையில் வெங்காயமும் சோப்பும்தான் மணத்தன. எட்டாம் நாள் காலை அந்தக் கையைப் பிடித்து மோந்த மாமியார், மகனைக் கூப்பிட்டாள். "வாசனை நின்னு போச்சுடா. அவன் இவளைக் கைவிட்டுட்டான் போல."

வாசனை இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம் என்றால் ஒருத்தி எங்கே போய் முட்டிக்கொள்வாள்? பாலை மூடினாள், அடுப்பை அணைத்தாள், ரெண்டு துணியைப் பையில் போட்டாள். புருஷன் வாசலில் நின்றான்.

"எங்க போற?"

அவள் கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீங்க ஒரு தடவைகூட மோந்து பார்க்கலையே. அம்மா சொன்னதைத்தான் கேட்டீங்க. இப்பவாவது பாருங்க."

கை நீட்டினபடி இருந்தது. அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். அவள் கையை மடக்கிக்கொண்டு, செருப்பை மாட்டி, தையல்காரி கதவைத் தாண்டித் தனியாகப் படியிறங்கிப் போனாள்.