கோண்டிபா நீட்டிய கால்

பாதம் கைக்கு வந்ததும் கோண்டிபா உடனே எண்ணெயைத் தொடமாட்டார். நடுவிரலை மடக்கிக் குதிகாலில் இரண்டு தட்டு, உள்ளங்காலில் ஒரு தட்டு. பிறகு காதைச் சாய்த்துக் கேட்பார். பல்டண் பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் சுத்தியலால் டயரைத் தட்டிக் காற்றுப் பார்த்த பழக்கம். "பின் சக்கரம் தேஞ்சிருக்கு மாவுலி. நாளைக்கு ரோட்டை விட்டுப் புல்லு மேல நடங்க" என்பார். கொஞ்சம் பருமனானவர் உட்கார்ந்தால், "கால்ல கோளாறு இல்ல. லோடுதான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் எண்ணெயை எடுப்பார்.

மாவுலி என்றால் தாய். ஆஷாட ஏகாதசிக்காக ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு நடக்கிற மூன்று வாரமும் எல்லோருக்கும் எல்லோரும் மாவுலிதான். ஜில்லா ஜட்ஜும் மாவுலி, வெங்காயக்காரியும் மாவுலி. பகல் முழுக்கத் தாளம் தட்டிப் பாடிக்கொண்டு நடந்த கூட்டம் முகாமில் இறங்கியதும், முதுகைச் சாய்க்க இடம் தேடும். கோண்டிபாவோ தார்ப்பாயை உதறி விரித்து, ஓமம் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயோடு உட்கார்ந்துவிடுவார். எதிரே கால்கள் வரிசை கட்டும். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். யாராவது வாழைப்பழம் நீட்டினால் அது அடுத்த காலுக்குரியவர் வாய்க்குப் போய்விடும்.

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. இந்த யாத்திரையில் ஒருவர் உங்கள் காலைத் தொட்டால் நீங்களும் குனிந்து அவர் காலைத் தொடவேண்டும். இரண்டு தலைகள் முட்டிக்கொண்டு, இருவரும் தடவிக்கொண்டு சிரிப்பது தினசரிக் காட்சி. கோண்டிபா விருட்டென்று குனிவார், தொடுவார், எதிராளி குனிவதற்குள் இரண்டு எட்டு பின்னால் போய் நிற்பார். அவர் காலைத் தொட்டவர் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. ஏன் இப்படி என்று கேட்டால், "மெக்கானிக்குக்கு யாருய்யா ரிப்பேர் பார்ப்பாங்க?" என்பார். எதையும் வாங்காத கை தன்னுடையது என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. பண்டரிபுரத்துச் சாமி விட்டலனும் அதைக் கவனித்துக்கொண்டிருப்பதாக அவருக்கு ஓர் எண்ணம்.

இந்த வருஷம் திவே மலைப்பாதை ஏறும்போதே இடது முழங்கால் மக்கர் செய்தது. இரண்டு நாளில் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. கூட்டத்தின் தலைவர் ராவுசாஹேப் தோளில் வீணையோடு நடப்பவர், கண்டிப்பானவர். நொண்டுகிறவர்களைத் தண்ணீர் லாரியில் ஏற்றிவிடுவார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஃபர்லாங்குகூட வண்டியில் போகாத கோண்டிபாவுக்கு அந்த லாரியின் நிழலே ஆகாது. குடையை ஊன்றுகோலாக்கிக்கொண்டு, பாட்டுக்கு ஆடுகிற மாதிரி நொண்டலை மறைத்து, லோணந்த் வரைக்கும் வந்து சேர்ந்தார்.

லோணந்தில், சாயங்காலம் நாலு மணிக்கு, எண்ணெயைச் சுடவைக்க எழப் போனவரால் எழ முடியவில்லை. பந்தல் கம்பைப் பிடித்தார், பாதி எழுந்தார், பொத்தென்று உட்கார்ந்தார். ராவுசாஹேப் பார்த்துவிட்டார். வேட்டியை விலக்கச் சொல்லி முழங்காலையும் பார்த்தார். நாளைக் காலை லாரி என்று சொல்லிவிட்டு வீணையைத் துடைக்க உட்கார்ந்தார். கோண்டிபா, டிப்போவில் ஓரங்கட்டிய பஸ்ஸைப் பார்ப்பதுபோல் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்றிருந்த யமுனாபாய், ஜேஜுரிச் சந்தையில் வெங்காயம் விற்கிறவள், யாத்திரைப் பெண்கள் வழக்கப்படி தலையில் சுமந்திருந்த துளசிச் செடியை இறக்கி வைத்தாள். அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, எண்ணெய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"காலை நீட்டு."

வேண்டாம் அக்கா, எனக்குப் பழக்கமில்லை, பாவம் சேரும் என்று கோண்டிபா பின்னால் நகர்ந்தார். நகரவும் முடியவில்லை.

"எங்களை எல்லாம் மாவுலின்னுதானே கூப்பிடறே? தாய் கை பட்டா உனக்குத் தீட்டா?" என்றாள். "பத்தொன்பது வருஷமா குடுக்கிற எடத்துலயே உக்காந்திருக்கே. அது என்ன, உங்கப்பன் வாங்கிப் போட்ட நாற்காலியா? கொஞ்சம் எறங்கு. நாங்களும் உக்காந்து பார்க்கிறோம்."

வரிசையில் சிரிப்பு எழுந்து, தானே அடங்கியது. தன் கையிலிருந்த தராசை அவள் வாங்கிக் கீழே வைத்துவிட்டதுபோல் இருந்தது கோண்டிபாவுக்கு. பிறகு இரண்டு கையாலும் முழங்காலைத் தாங்கிப் பிடித்து, மெள்ள, கூச்சப்படுகிற புதுப் பெண்போல, காலை நீட்டினார்.

வெங்காய மூட்டை தூக்கிய கை. அழுத்திய இடத்தில் உயிர் போய் உயிர் வந்தது. அங்கே இல்லை, கொஞ்சம் கீழே என்று அவர் சொல்லப் போக, "வண்டி பேசாது. வாயை மூடு" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஓமத்தின் காட்டம் என்றார். யாரும் கேட்டிருக்கவில்லை.

காலையில் வீக்கம் பாதியாக வடிந்திருந்தது. ராவுசாஹேப் அவரை முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பார்த்தார். "நட. ஆனா ஒவ்வொரு முகாம்லயும் முதல்ல உன் கால். அப்புறம்தான் ஊர்க் கால்" என்றார். அப்படியே நடந்தது. தினமும் நூற்றிருபது பேர் பார்க்க, கோண்டிபா முதல் ஆளாகக் காலை நீட்டினார்; யமுனாபாய் எதிரே உட்கார்ந்தாள். நாலாவது நாள் கூச்சம்கூடக் குறைந்திருந்தது. ஏகாதசிக்கு முதல் நாள், தன் காலால் நடந்தே பண்டரிபுரத்தில் நுழைந்தார்.

சந்திரபாகை ஆற்று மணலில் எல்லோரும் குளிக்க இறங்கியபோதுதான் அதைப் பார்த்தார். யமுனாபாய் கரையில் உட்கார்ந்து, வலது பாதத்தில் சுற்றியிருந்த புடவைக் கிழிசலைத் தண்ணீர் விட்டு நனைத்து, ஒட்டிக்கொண்ட துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். குதிகால் குறுக்கே பிளந்து, சதை தெரிந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டார். லோணந்த் வர்றதுக்கு முன்னாலேயே என்றாள், துணியைப் பிழிந்துகொண்டே. லோணந்தில் அன்று சாயங்காலம் அவள் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் சும்மா நின்றிருக்கவில்லை. வரிசையில் அவர் கைக்கு வரவேண்டிய முதல் கால் அவளுடையது.